காய்ந்த குழாயில் ஒரு விரிசல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. சில நாளாகக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. தெருமுனையில் பள்ளம் தோண்டுகிறவர்களிடம் போய், "தண்ணி எப்பங்க வரும்?" என்று கேட்டேன்.

"நாங்க சாக்கடைம்மா. குடிதண்ணி வேற ஆபீஸ்," என்றார் மேஸ்திரி, தலையைக்கூடத் தூக்காமல்.

இரண்டு ஆபீசும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன, மேல் மாடியும் கீழ் மாடியுமாக. வயிற்றெரிச்சலோடு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "நகரமே தாகத்தில் தவித்துக்கொண்டிருந்த அந்த..."

(வேண்டாம். நகரம் எங்கே தவிக்கிறது? குடம் தூக்குகிறவர்கள்தான் தவிக்கிறார்கள்.)

இரண்டாவது: மேல் மாடியில் குடிநீர்ப் பொறியாளர், அக்கா. கீழ் மாடியில் கழிவுநீர்ப் பொறியாளர், தம்பி. அவளுடைய வரைபடத்தில் சாக்கடை கிடையாது. அவனுடைய வரைபடத்தில் குடிநீர்க் குழாய் கிடையாது. இருவருக்கும் பேச்சுவார்த்தையும் கிடையாது. அப்பா இறந்தபோது, அவள் வந்து முகம் பார்ப்பதற்குள் தம்பி அடக்கத்தை முடித்துவிட்டான். அன்றிலிருந்து படிக்கட்டில் எதிர்ப்பட்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்குவார்கள்.

(சினிமாத்தனமாக இருக்கிறதோ? இருக்கட்டும். வரைபடச் சண்டையை விட வீட்டுச் சண்டை எனக்குப் புரிகிறது.)

3

தம்பியின் ஆட்கள் தோண்டும்போது இயந்திரத்தின் வாளி எதிலோ 'டங்' என்று இடிக்கிறது.

"ஒண்ணும் இல்ல சார், காஞ்ச பைப்பு," என்கிறார் ஓட்டுநர்.

தண்ணீர் ஓடியிருந்தால் பீய்ச்சியடித்துக் காட்டிக்கொடுத்திருக்கும். ஓடவில்லை. அதனால் யாரும் குனிந்து பார்க்கவில்லை. மறுநாள் பள்ளத்தில் சாக்கடை தேங்கிய பிறகுதான், அது சுழித்துக்கொண்டு எங்கேயோ இறங்குவதைத் தம்பி பார்க்கிறான். விரிசல் வழியாகக் குடிநீர்க் குழாய்க்குள் இறங்குகிறது. வால்வைத் திறந்தால் முதல் தண்ணீரோடு அதுதான் வீடு வீடாகப் போகும். திறக்கப்போகிறவள் அக்கா. அதுவும் இன்றைக்கு, இப்போது.

(ஆபீசுக்குச் சொல்லக் கூடாதா என்பீர்கள். சொன்னான். "மேடம் வெளிய போயிருக்காங்க. எழுத்துல குடுத்துட்டுப் போங்க.")

அக்காவுக்கே போன் போடுகிறான். வால்வுக் குழியருகே நிற்கும் அவள் திரையில் பெயரைப் பார்க்கிறாள்.

"மேடம், போன் அடிக்குது," என்கிறார் வால்வுக்காரர்.

"அடிக்கட்டும்."

4

முடிவு அ: எடுக்கிறாள். "அக்கா, தொறக்காதக்கா!" அந்தக் குரலைக் கேட்டதும் அவள்...

(கோடு போட்டு அடித்துவிட்டேன். அத்தனை நாள் ஆத்திரம் ஒரு போனில் கரைந்துவிடுமா?)

முடிவு ஆ: எடுக்கவில்லை. தெருவில் முதலில் நோயில் படுத்தது ஒரு கைக்குழந்தை. அதன்...

(இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

* அடிக்குறிப்பு: 'ஒருங்கிணைந்த நீர் மேலாண்மை' என்று கருத்தரங்குகளில் சொல்வார்கள். மழைநீர், குடிநீர், கழிவுநீர் எல்லாம் ஒரே தண்ணீர்தான், சேர்த்தே கவனிக்க வேண்டும் என்று பொருள். என் கதையில் அதற்குப் பொருள், அக்கா போனை எடுக்க வேண்டும்.

5

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்த 'டங்' நான் எழுதியதல்ல. நேற்று என் சன்னலில் கேட்டது. "காஞ்ச பைப்பு" என்று ஓட்டுநர் சொன்னதுகூடக் கேட்டது. மற்றதெல்லாம் கற்பனை. நிஜத்தில் விரிசல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

இந்த வரியை எழுதும்போதே சமையலறையில் குழாய் இருமுகிறது.

"அம்மா, தண்ணி வந்துடுச்சு!" மகள் தம்ளரில் பிடித்தே விட்டாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது.

"குடிக்காத!"

"ஏம்மா? நல்லாத்தானே இருக்கு?"

என்னவென்று சொல்வேன்? நானே கட்டிய கதையில் ஒரு அக்கா போனை எடுக்கவில்லை என்றா? தம்ளரைப் பிடுங்கிக் கொட்டிவிட்டேன். அவள் என்னை முறைக்கிறாள். எதிர்வீட்டில் குடம் நிறைகிற சத்தம் கேட்கிறது. அங்கே ஒரு கைக்குழந்தை இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா எடுத்தாளா இல்லையா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். போன் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நான் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்ட...