நிரம்பிய குழாய்

“என்னம்மா, மறுபடியும் நின்னுடுச்சா? உன் தம்பி போயும் நம்மள விடமாட்டான் போலிருக்கே!”

சொல்லிவிட்டு மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் உறைந்து நின்ற புரோகிராமை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். நெஞ்சுவலி என்று உட்கார்ந்த தம்பி எழுந்திருக்காமலே போய் நான்கு மாதம் ஆகிறது.

அக்காவும் தம்பியும் சேர்ந்து சி மொழியில் எழுதிய புரோகிராம் அது. எக்ஸ்ரே படங்களைச் சுருக்கும் இன்னொரு புரோகிராமை அது கிளப்பிவிடும். படத்துக்கு ஒரு வரி பதில் ஒரு குழாய் வழியே, அதாவது இரண்டு புரோகிராம்களுக்கு நடுவே கணினி போட்டுத்தரும் தகவல் பாதை வழியே, திரும்பி வரும். ஒவ்வொரு இயங்குதளத்திலும் கிளப்பும் முறை வேறு. விண்டோஸ் பக்கம் தம்பிக்கு; லினக்ஸ் பக்கமும், இரண்டுக்கும் பொதுவான வரிகளும் அவளுக்கு.

போன வருடம் விண்டோஸில் மட்டும் அது பாதியில் உறைந்தது.

“அக்கா, உன் வரிகளையும் ஒரு தடவை பாரேன்” என்று கெஞ்சினான் தம்பி.

“என் மெஷின்ல ஜம்முன்னு ஓடுதுடா. ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னானாம்!”

அறிக்கையில் ‘தவறு விண்டோஸ் பகுதியில்’ என்று எழுதி அவளே கையெழுத்தும் போட்டாள். மறுவாரம் அவன் வேலையை விட்டான். அதன்பின் லினக்ஸில் மட்டுமே ஓட்டினார்கள்.

இன்று படங்கள் பல மடங்கு வந்திருந்தன. உறைந்து நின்றது அவளுடைய லினக்ஸ் கணினி. தம்பி எழுதிய ஒரு வரிகூட அதில் ஓடவில்லை.

இரண்டுக்கும் பொதுவான தன் வரிகளைத் திறந்தாள். பத்தே நிமிடத்தில் அகப்பட்டது. ‘சுருக்கும் புரோகிராம் வேலையை முடிக்கட்டும், பிறகு பதிலைப் படிக்கலாம்’ என்று எழுதியிருந்தாள். குழாய் நிரம்பிவிட்டால், யாராவது படிக்கும்வரை அந்தப் புரோகிராம் நகராது. அது முடியும்வரை இவள் புரோகிராம் படிக்காது. ‘நீங்க முதல்ல’, ‘இல்ல, நீங்க முதல்ல’ என்று வாசலில் நிற்கும் இரண்டு மரியாதைக்காரர்கள் மாதிரி. விண்டோஸில் குழாய் சிறியது, சீக்கிரம் நிரம்பியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பதில் வர வரப் படிக்கும்படி திருத்தினாள். இரண்டு கணினிகளிலும் தடங்கலின்றி ஓடியது. பழைய அறிக்கையைத் திறந்து, ‘தவறு என்னுடையது. விண்டோஸ் பகுதியில் குறை எதுவும் இல்லை’ என்று சேர்த்து மேனேஜருக்கு அனுப்பினாள். பிறகு தம்பி மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“என்கிட்ட ஏன் அண்ணி சொல்றீங்க? அவர் மேல தப்பு இருக்கும்னு நான் ஒருநாளும் நினைச்சதில்ல. மாமாகிட்ட வந்து சொல்லுங்க. ‘ஒழுங்கா ஒரு வேலை பார்க்கத் துப்பில்லாதவன்’னு அவர் இன்னும் இவரோட போட்டோவைப் பார்த்துத் திட்டிட்டிருக்காரு.”

அப்பாவிடம் அன்று அப்படிச் சொல்லி வைத்தவளும் அவள்தான்.

“இதோ வர்றேன்” என்று எழுந்தாள்.