ஞாயிற்றுக்கிழமை அப்டேட்

டிக்கெட் மென்பொருள் மறுபடியும் செத்துப் பிழைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசைமேல் லேப்டாப், பக்கத்தில் ஆறிப்போன தேநீர். சர்ச்சில் காலைப் பூசைக்குப் போய்வந்த சேலையைக்கூட மாற்றவில்லை. தீவுகளுக்கிடையே படகு விடும் ஒரு தனியார் கம்பெனியின் டிக்கெட் விற்பனை என் பொறுப்பு. போன வருடம் வரை அது அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் ஓடியது. நின்றுபோனால் அணைத்துப் போடுவேன், ஓடும். சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டி மேய்க்கிற குபர்நெட்டிஸ் வந்தது. இருக்கிற நாலு படகுக்கு ஒரு நகரத்துக்கே போதுமான ஏற்பாடு! என் வீட்டுக்காரர் லாரன்ஸ் படகு என்ஜின் பழுது பார்ப்பவர். "ஒரு என்ஜின் ஓட, அதப் பாத்துக்க ஒரு என்ஜின், அதப் பாத்துக்க இன்னொன்னு. நல்லாத்தான் இருக்கு ஒங்க பொழப்பு" என்று சிரித்துவிட்டு மீன் வாங்கப் போய்விட்டார்.

அதையாவது சும்மா விட முடியுமா? சில மாதத்துக்கொரு புதுப் பதிப்பு. பழையதில் செல்லுபடியான கட்டளை வரி புதியதில் செல்லாது. ஞாயிறு காலை கூட்டம் குறைவு, அப்போது மாற்றலாம் என்று சென்னையில் முடிவு செய்தார்கள். அங்கே குறைவுதான். இங்கே ஞாயிறன்றுதான் படகு நிரம்பி வழியும். சொன்னேன். யார் காதில் வாங்கினார்கள்?

புதுப் பதிப்பு ஏறியது. எங்கள் மென்பொருள் எழுந்தவுடன் ஒவ்வொரு தீவின் படகுத்துறை ஜெட்டியிலிருந்தும் இருக்கைக் கணக்கை வாங்கும். வடக்கே தள்ளியிருக்கும் ரங்கத்தின் நெட் லைன் மந்தம், அங்கிருந்து வந்து சேர நேரமாகும். அதற்குள் மேற்பார்வை பார்க்கிற சனியன் "உயிரோடு இருக்கிறாயா?" என்று கேட்கும். அரை நிமிடத்தில் பதில் இல்லையென்றால் செத்ததாக முடிவு கட்டி, கொன்று, முதலிலிருந்து எழுப்பும். எழுவதும் கொல்வதுமாகவே காலை போயிற்று.

காரணம் தெரிந்ததும் அரை நிமிடத்தை மூன்று நிமிடமாக மாற்றினேன். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். சற்று நேரத்தில் மறுபடியும் அரை நிமிடம்! யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்து, சென்னையில் எழுதி வைத்திருந்தபடியே திருத்திவிட்டது இன்னொரு மென்பொருள். நான் மாற்ற, அது திருப்ப, நான் மாற்ற, அது திருப்ப. சென்னையில் இருக்கும் மூலத்தை மாற்ற அங்குள்ள எங்கள் மேலதிகாரி வைஜெயந்தி மேடம் ஒப்புதல் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, போனை எடுக்கவில்லை. இதை யோசித்துக் கட்டியவன் கையில் கிடைத்தால் கடலில் தள்ளியிருப்பேன்.

ரங்கத் கவுன்டரிலிருந்து உதயா கூப்பிட்டான். "அக்கா, லைன் ரோடு வரைக்கும் நிக்குது. கையால எழுதிக் குடுத்துரவா? நெட் போனா அப்படித்தான செய்வோம்?"

"எழுதுடா. சீட் நம்பரெல்லாம் எனக்கு அனுப்பிரு. இது எந்திரிச்சதும் நான் ஏத்திக்கிறேன்."

"மொத டிக்கெட் அம்மாவுக்குக்கா. தம்பி இன்னைக்குக் கப்பல் ஏர்றான்."

தெரியும். அவன் தம்பி நல்லதம்பிக்குக் கத்தாரில் வேலை. இரண்டு வருடம் திரும்ப முடியாது. சென்னைக் கப்பலில் நேற்றுதான் இடம் உறுதியானது; பையன் ஏற்கனவே போர்ட் பிளேரில் இருந்தான். மகன் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று வேலாயியம்மா விடியுமுன்னே ஜெட்டிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். இந்தப் படகை விட்டால் பஸ். பழங்குடியினர் வாழும் காட்டுச் சாலையில் வண்டிகளைக் குறித்த நேரத்தில், போலீஸ் காவலோடு, கூட்டமாகச் சேர்த்துத்தான் விடுவார்கள். அதற்குக் காத்திருந்து வந்தால் கப்பல் போயே போயிருக்கும்.

மேடம் ஒருவழியாகக் கூப்பிட்டார். "சாரிம்மா, ஃபங்ஷன்ல இருந்தேன். அப்ரூவ் பண்ணிட்டேன் பாரு."

அந்த ஒரு தட்டலில் எல்லாம் எழுந்து நின்றது. அதுதான் வினையாகப் போயிற்று. வாசலிலேயே காத்துக் கிடந்ததுபோல நெட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்ளே விழுந்தார்கள். உதயா அனுப்பிய நம்பர்களை ஏற்ற நான் பக்கத்தைத் திறப்பதற்குள் ரங்கத் படகில் ஒரு இருக்கை மிச்சமில்லை. அவன் கையால் எழுதிய இருக்கைகளையும் சேர்த்து விற்றுத் தீர்த்திருந்தது. மேடத்திடமிருந்து செய்தி வந்தது: "ஆல் ஹெல்தி. குட் ஜாப், ஆக்சிலியா."

உதயாவைக் கூப்பிட்டேன். அவன் எடுத்தபோது பின்னால் படகுக்காரன் கத்திக்கொண்டிருந்தான். "ஸ்கேன் நை ஹுவா தோ நை சடேகா!" ஸ்கேன் ஆகாதவர்களை ஏற்ற மாட்டானாம்.

"அம்மாவ எறக்கி விட்டாங்கக்கா" என்றான் உதயா. "நான் எழுதின சீட்டுன்னு சொன்னேன். போன்ல காட்டுன்னான்."

போனில் படகின் சங்கு எனக்கும் கேட்டது.

"அக்கா, நீங்க ஒரு நடை கப்பலுக்குப் போறீங்களா? யாருமில்லாமப் போறானேன்னு அம்மா அழுவுது. நெத்தியில துண்ணூறு மட்டும் வச்சி விட்டாப் போதுமாம்."

எங்கள் வீட்டில் திருநீறு ஏது? பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாவிடம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறும் நேரத்துக்கு லாரன்ஸின் ஸ்கூட்டரில் துறைமுகத்துக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நல்லதம்பி புதுச் சட்டையும் பெரிய பையுமாக நின்றான். கையில் போன். ரங்கத்திலிருந்து வீடியோவில் வேலாயியம்மா. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே உறைந்து போயிருந்தார்.

"அம்மா, கேக்குதா? அம்மா?"

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் திருநீற்றை எடுத்து அவன் நெற்றிக்குக் கொண்டுபோனேன். அவன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இருங்கக்கா. அம்மா பாக்கட்டும்."

கேட்டில் காவல்காரர் சீக்கிரம் வரச்சொல்லிக் கை காட்டினார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கடல்காற்றில் திருநீறு பறந்துவிடாமல் நான் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவன் அழைப்பைத் துண்டிக்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்து, குனிந்த தலையோடு, "அம்மா... அம்மா..." என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றான்.