ஆறாவது கிளாஸில் எலுமிச்சை

எங்கள் ஹோட்டல் பார் கவுண்டரில் ஒரே ஒரு இடம் காலி. போட்டிக்கு இரண்டு பேர். ஒருவர் என் அக்கா வீட்டுக்காரர், அங்கேயே சர்வர். இன்னொருவன் நான், அந்த பாரின் கிளாஸ் கழுவுகிறவன். அக்கா நடுநிலை. தேர்வன்று காலை இருவருக்கும் இரண்டிரண்டு முட்டை வைத்தாள்; என் முட்டையில் மட்டும் ஒரு கைப்பிடி மிளகாய்த்தூள்.

"நாக்கு இருக்கா மாப்ள?" என்று மச்சான் அன்போடு விசாரித்தார்.

"மூக்கு இருக்கு மச்சான்."

ஆறு அமெரிக்க விஸ்கி. எது போர்பன், எது ரை என்று சொல்ல வேண்டும். போர்பனில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். வெனிலாவும் கருக்கிய சர்க்கரையுமாகக் குழையும். ரை விஸ்கியில் பாதிக்கு மேல் கோதுமை போன்ற ரை தானியம். மிளகும் கிராம்புமாக மூக்கிலேயே ஒரு தட்டு தட்டும். இதைச் சொல்ல மச்சானுக்கு முக்கால் மணி நேரம் தேவைப்படும்.

பாரை நடத்துகிற, அன்று தேர்வும் வைத்த மேடத்துக்கு இரண்டு சட்டங்கள். ருசித்ததை வாளியில் துப்ப வேண்டும். கழுவிய கிளாஸில் வாசனை இருந்தால், கழுவியவனுக்கு அன்றே வேலை போகும். போன மாதம் ஒருவன் போனான். அந்த இடத்துக்குத்தான் நான் வந்தேன்.

ஐந்து கிளாஸ் வரை இருவரும் சமம். நாலாவது ரை நாக்கு நுனியில் இனித்தது, நடுவில் மிளகாகச் சீறியது, துப்பிய பிறகும் புதினாக் குளிர்ச்சியாக நின்றது. "ஆஹா!" என்று கத்திவிட்டேன். மேடம் முறைத்தார். பிறகு தானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். அவர் துப்பவில்லை.

ஆறாவது, இருவருக்கும் ஒரே கிளாஸ். முகர்ந்து மட்டுமே சொல்ல வேண்டும். மச்சான் முந்திக்கொண்டு கண்ணை மூடினார்.

"எலுமிச்சைத் தோல்... மழையில நனைஞ்ச பழத்தோட்டம்... சந்தேகமே இல்ல மேடம், ரை!"

நான் முகர்ந்தேன். எலுமிச்சை இருந்தது. ஆனால் அதற்கு அடியில் வெனிலா, சோளம், கருகிய மரப்பீப்பாய்.

"போர்பன்!"

"அப்ப எலுமிச்சை எங்கேருந்து வந்துச்சு?" என்றார் மேடம்.

எனக்கு அந்த எலுமிச்சையை நன்றாகத் தெரியும். தினமும் என் கையோடு வீடு வரைக்கும் வருவது. காலையில் பரீட்சைப் பதற்றத்தில் இரண்டு முறை அலச வேண்டிய கிளாஸை ஒரே முறை அலசியதும் நினைவுக்கு வந்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் நான் குருட்டாம்போக்கில் அடித்துவிட்டேன் என்பார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

"சோப்பு மேடம். பாத்திரம் கழுவுற சோப்பு."

"கழுவினது யாரு?"

"நான்தான்."

மேடம் கிளாஸை வாங்கி நீண்ட நேரம் முகர்ந்தார். பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். போர்பன்.

"ஊத்தினப்ப சோப்பு வாசனை எனக்கே தெரியல" என்றார். "ஆனா சட்டம் சட்டம்தான். கிளாஸ் கழுவுற வேலை உனக்குப் போச்சு."

நான் இடுப்பில் கட்டியிருந்த ஈரத் துண்டை அவிழ்த்தேன்.

"நாளைலேர்ந்து கவுண்டர்ல நில்லு."

நான் குதித்த குதியில் வாளி கவிழ்ந்தது. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்து, காதோரம் கேட்டார்:

"டேய், அந்தப் பழத்தோட்டம் எங்கடா இருக்கு?"

"சிங்க்குக்குக் கீழ மச்சான். பச்சை பாட்டில்."