சாவி வேண்டாமாம்

நான் ஒரு மண்டு. கல்லூரியில் வாகனப் புகையை அளக்கச் சொல்லிக் கொடுக்கிறவள், கார் கம்பெனியின் குட்டு கையில் சிக்கியதும் என்ன செய்தேன்? அந்தக் கம்பெனிக்கே மரியாதையாக மெயில் போட்டு விளக்கம் கேட்டேன்.

விஷயம் இதுதான். என் அப்பா அழகியநம்பி ஆசையாக வாங்கிய டீசல் கார், பரிசோதனைக் கூடத்து உருளைகளின் மேல் ஓடும்போது பரம சாது. புகை அளக்கும் கருவியை மாட்டிக் கிழக்கேகோட்டை நெரிசலில் ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு பல மடங்கு. சோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளைக் காருக்குள் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பிரதீஷ் முன்னால் இதை நிரூபிக்க வேண்டும். அதுவரை கம்பெனி காரைத் தொடக்கூடாது.

சாயங்காலமே கம்பெனி ஆள் வந்துவிட்டான். ஹரிகுமார் என்று பெயர். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அப்பா கொடுத்த காபியைக் குடித்தான்.

"ஃப்ரீ சர்வீஸாம்டி திவ்யா. ஆத்துக்கே வந்து கொண்டு போறாளாம்!" அப்பா சாவியை நீட்டினார். பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன்.

"வேண்டாம். நாளைக்கு எனக்கு வண்டி வேணும்."

பயப்பட வேண்டாம் என்று ஹரிகுமார் மலையாளத்தில் சிரித்தான். "பேடிக்கண்டா மேடம். மோள் நாலாம் கிளாஸ் அல்லே? நல்ல ஸ்கூல்."

மகளைப் பற்றி நான் மெயிலில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

"சாவி ஒண்ணும் வேண்டா, மேடம்" என்று எழுந்து போனான்.

அப்பாடா என்று கதவைத் தாழிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஏன் வேண்டாம்? ஜன்னல் வழியே பார்த்தேன். பூட்டிய காருக்குள், ஆளே இல்லாமல், திரை எரிந்துகொண்டிருந்தது. புதிய மென்பொருள் இறங்குகிறது என்று காட்டியது. காரிலேயே இருக்கும் சிம் வழியாக எங்கிருந்தோ மாற்றுகிறார்கள். மாற்றி முடித்துவிட்டால் நாளை கார் சாலையிலும் சாதுவாக ஓடும். பொய்க்காரி நானாவேன்.

ஸ்பானரைத் தேடியெடுத்து, பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினேன். திரை அணைந்தது. அதற்குள் எவ்வளவு மாற்றினார்களோ, தெரியவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை.

காலையில் சிம்மை எடுத்துவிட்டு வயரை மாட்டினேன். நான் ஓட்ட, பக்கத்தில் பிரதீஷ் அளவுக் கருவியை மடியில் வைத்திருந்தார். அப்பா பின்சீட்டில். கிழக்கேகோட்டை வந்தும் கருவியில் எண் அசையவில்லை. பத்மநாபா, விஷம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி யாராவது வேண்டுவார்களா? நான் வேண்டினேன்.

எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. பழைய மென்பொருள்தான் இன்னும் இருந்தது.

"எண்டெ ஈஸ்வரா!" என்றார் பிரதீஷ். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது.

"குழந்தையைக் கூட்டிண்டு வர, தினம் ஸ்கூல் வாசல்ல ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுண்டுதானேடி நின்னேன்" என்றார். "அத்தனை குழந்தைகளும் என் வண்டிக்குப் பின்னாலதான் வரிசையா நிக்கும்."