கர்னல் விடுவித்த மாடுகள்

லவெல் ஹாஸ்லமின் மாடுகளை மீட்க வந்தவர்களில் பாதிப் பேர் அதுவரை மாட்டைத் தட்டில்தான் பார்த்திருந்தார்கள். ஆனால் துப்பாக்கியில் குறை சொல்ல முடியாது. எங்கள் நெவாடாப் பள்ளத்தாக்கு அத்தனை இரும்பை ஒரே இடத்தில் கண்டதில்லை.

பொதுநிலத்தில் மேய்க்கும் உரிமை தாத்தா காலத்திலிருந்து தனக்கு உண்டு என்பது லவெலின் கட்சி. புல் தேறட்டும், மாட்டை எடு என்பது அரசாங்கத்தின் கட்சி. நீதிமன்றம் இரண்டாவது கட்சியில் சேர்ந்துகொண்டது. முந்தின நாள் காலை ஹெலிகாப்டரோடு வந்து மந்தையை ஓட்டிப்போய், வறண்ட ஆற்றுப்படுகையில் இரும்புப் பட்டி போட்டு அடைத்துவிட்டார்கள். பசுக்கள் ஒரு பட்டியில். மிதிபடக்கூடாதென்று கன்றுகள் தள்ளி வேறொன்றில். அடுத்த முறை என் மாடுகளாக இருக்கலாம். அதனால் நானும் போயிருந்தேன்.

லவெலின் மனைவி ஆர்டித் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நேத்துலேர்ந்து ஒரு கன்னும் பால் குடிக்கல. இந்த வெயில்ல சாயங்காலம் வரைக்கும் தாங்காது. கன்னுங்க பட்டியத்தான் முதல்ல தொறக்கணும்."

ஐடஹோவிலிருந்து இந்தத் துப்பாக்கிப் படையைத் திரட்டி வந்த கர்னல் ஸ்ட்ரவுட் புன்னகைத்தார். எந்தப் படை அவரைக் கர்னலாக்கியது என்று யாரும் கேட்டதில்லை.

"மேடம், பெரிய கேட்டுலதான் சரித்திரம் நடக்கும். கேமரா அங்கதான் நிக்குது."

"கன்னோட வயிறு இங்க இருக்கு, கர்னல்."

லவெல் இருவரையும் பார்த்தான். பிறகு புதுத்தொப்பியைச் சரிசெய்தான். "பேச்சு முடியட்டும், ஆர்டித். கொஞ்ச நேரம்தான்."

மேடையில் கர்னலின் பேச்சு, சுதந்திரத்தில் தொடங்கி ஆதாம் ஏவாள் வரை போய்த் திரும்பியது. எதிரே அரசாங்க ஆட்களும் துப்பாக்கியோடு நின்றார்கள். அவர்களின் தலைவர் எச்செவரி இரண்டு பக்கக் குழல்களையும் பார்த்து, "மாட்டுக்காக எவனும் சாக வேணாம்டா, தள்ளி நில்லுங்க," என்றார். பசுக்கள் இருந்த பட்டியின் பெரிய கேட் திறந்தது. கர்னலின் வண்டிகள் ஹாரன் அடித்துப் பசுக்களை மேட்டுக்கு அப்பால் விரட்டின. கேமராவில் அருமையாக வந்ததாம். எல்லோரும் தொப்பியைக் கழற்றி நன்றி ஜெபம் சொல்லத் தொடங்கினார்கள்.

கன்றைப் பிரிந்த பசு, கடைசியாக அதன் குரல் கேட்ட இடத்துக்கே திரும்பும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். லவெலுக்கும் தெரியும். கேமராவுக்கு முன்னால் மறந்துபோயிருந்தது.

ஆமென் சொல்லுமுன் மேட்டின்மேல் தூசி எழுந்தது. பிறகு அந்தச் சத்தம். கத்தல் என்று சொன்னால் போதாது; மலையே தன் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. மடி விம்மி, நடக்க நடக்கப் பால் புழுதியில் சொட்ட, மந்தை முழுவதும் எங்களை நோக்கி வந்தது. எங்களைப் பார்க்கவும் இல்லை. கொடி, துப்பாக்கி, அரசாங்கம், புரட்சி எதுவும் அவற்றின் கண்ணில் படவில்லை.

"நில்லுங்க!" என்று கர்னல் கையை உயர்த்தினார்.

மேடை போனது. கர்னலைச் சட்டைக்காலரைப் பிடித்து அரசாங்க வண்டியின்மேல் தூக்கிப் போட்டவர் எச்செவரி. ஏற்கெனவே இரண்டு படைகளும் அங்கே ஏறி, நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

பசுக்கள் கன்றுகளின் பட்டியில் மோதின. கம்பி உள்பக்கமாக வளைந்தது.

"நசுங்கிடும்!" ஆர்டித் அலறினாள். "சாவி! சாவியக் குடுங்க!"

"கோர்ட் உத்தரவு..." என்று தொடங்கிய எச்செவரி, வளையும் கம்பியைப் பார்த்தார். சாவி பறந்துவந்தது. லவெல் தொப்பியை விட்டெறிந்து, கம்பிமேல் ஏறி, உள்ளே குதித்துக் கதவை இழுத்தான்.

அதற்குப்பின் நடந்ததைக் கிண்டலாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் புழுதியில், அந்தக் கூச்சலில், ஒவ்வொரு பசுவும் தன் கன்றை முகர்ந்து கண்டெடுத்தது. அடுத்த வீட்டுக் கன்றுக்கு ஒரு உதை, தன்னுடையதற்கு நாக்கு. ஒவ்வொரு குரலாக அடங்கியது. கடைசியில் பால் உறிஞ்சும் சத்தம் மட்டும் அந்தப் பள்ளத்தாக்கை நிறைத்தது. வண்டிமேல் இருந்தவர்கள் மூச்சுவிடவும் பயந்தார்கள். கர்னல் ரகசியமாகக் கேட்டார்:

"எப்படிங்க கண்டுபிடிக்குது?"



எழ முடியாத ஒரு கன்றை லவெல் கைகளில் தாங்கி, அதன் வாயைத் தாயின் காம்பில் வைத்துக்கொண்டிருந்தான். எச்செவரி இறங்கி அருகில் போனார்.

"நாளைக்குத் திரும்ப வருவேன், மிஸ்டர் ஹாஸ்லம். எனக்கு வேற வழியில்ல."

லவெல் தலையை உயர்த்தவில்லை. "ஷ்ஷ்," என்றான். "குடிக்குது."