இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஒரே ஆண் வாரிசான வைகுண்டராஜுக்கு 1992ஆம் ஆண்டில் இரண்டு ஆசைகள் இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் லாரி முதலாளி காசிராஜனின் மகள் செல்லக்கனியைக் கட்டிக்கொள்வது ஒன்று. ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, கல்யாணத்தன்று அவளை அதில் வீட்டுக்கு அழைத்துவருவது மற்றொன்று. இரண்டு ஆசையும் தனித்தனியாக இருந்தவரை ஊருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

கல்யாணப் பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. ஜாதகம் பொருந்தியது. வைகுண்டராஜுக்குப் பெண்ணைப் பிடித்தது. பெண்ணும் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்ததாகத் தகவல். மாப்பிள்ளையின் அம்மா பெண் தலையில் பூ வைப்பது மட்டும் பாக்கி. பூ வைத்துவிட்டால் வானமே இடிந்தாலும் பின்வாங்கக் கூடாது என்பது இரு குடும்பத்துக்கும் பொதுவான சட்டம்.

இந்த நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பரிபூரணம் என்ற அம்மாள் கார் விற்கிறாள் என்று வைகுண்டராஜ் கேள்விப்பட்டான். அவளுடைய காலஞ்சென்ற கணவர் முன்யோசனைக்காரர். ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து பாகம் கழற்றிக்கொள்ளலாம் என்று, ஒரே மாதிரி இரண்டு சிவப்பு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களைக் கப்பலில் வரவழைத்தவர். ஒன்று கியர் வண்டி, மற்றது ஆட்டோமேட்டிக் என்பதை, இரண்டும் ஷெட்டுக்கு வந்து சேர்ந்த பிறகே கவனித்தார். அந்த வருத்தத்தில் இரண்டையும் அவர் அதிகம் ஓட்டவில்லை.

"ஒண்ணுதான் குடுப்பேன்," என்றாள் பரிபூரணம். "ரெண்டையும் குடுத்துட்டா அவுக இல்லாத மாதிரி ஆயிரும்."

"அவுக தவறி ஆறு வருசம் ஆச்சேம்மா?"

"அதான் சொல்லுதேன்."

வைகுண்டராஜ் இரண்டு வண்டிகளையும் சுற்றிவந்தான். வெளியிலிருந்து வித்தியாசமே தெரியவில்லை.

"எது எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுறது?"

"இதுல கியர் இருக்கு," என்று கை காட்டினாள். "அதுல கோழி இருக்கு."

ஆட்டோமேட்டிக்கின் பின்சீட்டில் ஒரு கருப்புக் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. வாங்க வந்தவனை அது ஒரு கண்ணால் மட்டும் பார்த்தது.

வைகுண்டராஜ் யோசிக்கவே இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கியர்தான். கையால் தட்டி, காலால் மிதித்து, வண்டி உறும வேண்டும். அடுத்த நாளே தன் அம்மா இசக்கியம்மாளை முன்சீட்டில் உட்காரவைத்துக் கியர் வண்டியை ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டான். அதுதான் அவன் செய்த தப்பு. இசக்கியம்மாள் ஆயுசு முழுக்கக் காரில் பின்சீட்டிலேயே போனவள். ஓட்டுகிறவனின் கால்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"ஏலே, நில்லு. இப்ப எந்தக் காலை மிதிச்ச?"

"இடது காலும்மா. அது கிளட்ச்."

"வண்டி கெளம்புததுக்கு முந்தியா?"

"அதை மிதிச்சாத்தான் கெளம்பும்."

இசக்கியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "வலது காலை எடுத்து வச்சு வான்னுதானலே மருமகளை வீட்டுக்குள்ள கூப்பிடுவோம்? அவளைக் கூட்டியாரதுக்கே நீ இடது காலைப் போட்டு மிதிச்சுட்டா, பொறவு அவ வலது காலை வச்சு என்ன, தலைகீழா நடந்து வந்துதான் என்ன?"

வைகுண்டராஜ் பி.காம். படித்தவன். மறுத்துப் பேச வாயைத் திறந்தான். யோசித்துப் பார்த்ததில் அம்மா சொன்னதில் எங்கே ஓட்டை என்று பிடிபடவில்லை. வண்டியைத் திருப்பினான்.

வீட்டுக்கு வந்ததும் இசக்கியம்மாள் டிரைவர் வேல்சாமியை விசாரணைக்கு அழைத்தாள்.

"இம்புட்டு வருசமா நம்ம அம்பாசடரை எந்தக் காலால கெளப்புத?"

"எந்த வண்டியும் இடது கால்தானம்மா."

"கோர்ட்டுல கேசு தோத்தமே, அன்னைக்கு?"

"அன்னைக்கும்தாம்மா."

"மூத்தவளைப் பொண்ணு பாக்க வந்தவியளை ஸ்டேஷன்ல இருந்து கூட்டியாந்தியே, அப்ப?"

வேல்சாமி தலையைக் குனிந்துகொண்டான். மூத்த மருமகனின் குணம் ராஜபாளையம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"எனக்கு அப்பவே என்னமோ தட்டுச்சு," என்றாள் இசக்கியம்மாள். "ஆனா இம்புட்டு நம்பிக்கைத் துரோகம் முன்சீட்டுல நடக்குதுன்னு நெனைக்கல."

அன்றிலிருந்து வேல்சாமி தறிச் சத்தத்துக்கு நடுவேயும் வீட்டு முற்றத்திலும் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றப்பட்டான். இசக்கியம்மாள் கடைவீதிக்குச் சைக்கிள் ரிக்‌ஷாவில் போகத் தொடங்கினாள். அதிலும், முதல் மிதி வலது காலால் மிதிக்கிற ஆளாகப் பார்த்து அமர்த்திக்கொண்டாள்.

வைகுண்டராஜ் ஒரு சமரசம் செய்துபார்த்தான். கிளட்சையும் வலது காலாலேயே மிதித்துப் பழகினால் என்ன? அம்பாசடரைத் தொழிற்சாலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பயிற்சி எடுத்தான். வலது கால் கிளட்சில் இருக்கும்போது பிரேக் பிடிக்கக் கால் இல்லை என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வெளுத்துக் காயப்போட்டிருந்த பேண்டேஜ் துணி வரிசைக்குள் வண்டி ஒரு பக்கமாகப் புகுந்து, மறுபக்கமாக வந்தது. முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. காயம் எதுவும் இல்லை.

வேறு வழியில்லாமல் ஆட்டோமேட்டிக்கையே எடுப்பதாகப் பரிபூரணத்திடம் போய்ச் சொன்னான். அதில் இடது காலுக்கு வேலையே கிடையாது. குஞ்சு பொரிக்கும்வரை பொறுக்கச் சொன்னாள். பொறுத்தான். கோழி குடும்பத்தோடு இறங்கி அடுத்த சிவப்பு வண்டிக்குக் குடிபோனது. வண்டி ராஜபாளையம் வந்தது. இசக்கியம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்து இரண்டு தெருவைச் சுற்றினாள். மகனின் இடது கால் சும்மா இருப்பதைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, "இது வண்டி," என்றாள்.

செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ச் சேர அரைநாள்கூட ஆகவில்லை. காசிராஜன் நேராகத் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்த லாரிகள் வாங்கியவர். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தம்பி, நீங்க வாங்குன வண்டியில கியர் கெடையாதாமே?"

"இருக்கு அண்ணாச்சி. அதுவே தானா மாத்திக்கிடும்."

"தானாவா?"

"ஆமா. நாம ஸ்டியரிங்கைப் பிடிச்சா போதும்."

காசிராஜன் ஜன்னல் வழியாக அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்தார். "தானா போற வண்டியில மாப்பிள்ளை எதுக்குங்கேன்?"

வைகுண்டராஜ் நாற்காலியை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினான். பி.காமில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை.

"ஒருத்தன் கியரை எப்படிப் போடுதான்னு பாத்துத்தான் நான் டிரைவரையே வேலைக்கு வைப்பேன். கை தடுமாறுனா மனசும் தடுமாறும். லாரிக்கே அப்படிப் பாக்கவன், மகளைக் குடுக்கதுக்குப் பாக்க வேண்டாமா? ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வண்டியைக் கொண்டாங்க. நான் பக்கத்துல உக்காந்து உங்க வீடு வரைக்கும் வாரேன். கியர் போட்டு ஓட்டுனீங்கன்னா மேற்கொண்டு பேசுவோம். இல்லைன்னா சிவகாசியில இருந்து ஒரு இடம் வந்திருக்கு. அவிய பையன் ஜீப்பு ஓட்டுதான்."

கியர் வண்டி என்றால் அம்மா பூ வைக்க மாட்டாள். கியர் இல்லாத வண்டி என்றால் இவர் பெண் கொடுக்க மாட்டார். வைகுண்டராஜ் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை தெளிந்த முகத்தோடு எழுந்து, வண்டியைச் செட்டியார்பட்டி தவசிமுத்துவின் லேத் பட்டறைக்கு ஓட்டிப்போனான்.

"ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஒரு கியர் ராடு வேணும். இடது பக்கம் ஒரு கிளட்ச் மிதி வேணும்."

தவசிமுத்து குனிந்து பார்த்தார். "ராடு எதோட சேரணும்?"

"எதோடயும் சேரக் கூடாது."

"மிதி?"

"அதுவும்தான். மிதிச்சா உள்ள போகணும், விட்டா வெளிய வரணும். அம்புட்டுதான்."

"போறதும் வாரதும் யாருக்காக?"

"மாமனாருக்காக."

தவசிமுத்து அளவு நாடாவை எடுத்தார். அவருக்கும் மாமனார் உண்டு.

உண்மையில் அந்த வண்டிக்கு எல்லாமே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் குச்சிதான். அதை ஒருமுறை கீழே இழுத்துவிட்டால் போதும். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததுமே வண்டி ஊர்ந்து கிளம்பிவிடும். அம்மாவுக்கும் ஒளிக்காமல் விளக்கினான். புதிய மிதி வெறும் பொம்மை, அதை மிதித்தாலும் மிதித்த கணக்கில் வராது என்றான். இசக்கியம்மாள் யோசித்து, "சாமிக்குத் தெரியும்லா அது பொம்மைன்னு?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் காசிராஜன் முன்சீட்டில் ஏறினார். நடுவே நின்ற ராடைப் பார்த்ததும், மாப்பிள்ளை பரிபூரணத்தின் இன்னொரு சிவப்பு வண்டிக்கு மாற்றிக்கொண்டதாக அவராகவே எடுத்துக்கொண்டார். பின்சீட்டில், கோழி இருந்த இடத்தில், செல்லக்கனி வந்து உட்கார்ந்தாள்.

"நீ எங்க வார?" என்றார் அப்பா.

"உக்காரப் போறவ நானு. நான் பாக்க வேண்டாமா?"

"கல்யாணத்துக்கு முந்தி அவிய வீட்டு வாசப்படியில நீ கால் வைக்கக் கூடாது, பாத்துக்கோ."

"வண்டியை விட்டே எறங்கல. போதுமா?"

வைகுண்டராஜ் குச்சியை நைசாகக் கீழே இழுத்துவிட்டு, பொம்மைக் கிளட்சை மிதித்து, பொம்மைக் கியரைத் தட்டினான். வண்டி கிளம்பியது. இரண்டாவது, மூன்றாவது என்று முறைப்படி தட்டிக்கொண்டே வந்தான். காசிராஜன் அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். மடவார்வளாகம் தாண்டியதும் அவருக்குக் கை அரித்தது.

"ஓரமா நிறுத்துங்க தம்பி. நான் செத்த நேரம் பிடிக்கேன்."

மறுக்க வழியில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துவிட்டு, என்ஜினை அணைக்காமல், குச்சியையும் இழுத்தபடியே விட்டுவிட்டு இடம் மாறினார்கள்.

"இது என்னது, குச்சி?"

"வைப்பர், அண்ணாச்சி. ரிப்பேரு. தொட்டுராதீங்க."

காசிராஜன் கிளட்சை மிதித்து, கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கிளட்சை மெல்ல விட்டார். வண்டி பூப்போல நகர்ந்தது. அவர் முகம் மாறியது.

"ஏயப்பா! ஒரு உதறல் இல்ல பாத்தீங்களா? நம்ம கால் பக்குவம் அப்படி." இரண்டாவதுக்குத் தட்டினார். "வெண்ணெய்ல விழுந்த மாதிரில்லா விழுது!" மூன்றாவது. "ம்ம்... இந்த இழுவை மூணாவதுலதான் வரும். என் லாரியில இந்த மாதிரி ஒரு கியர் பெட்டி இருந்தா நான் இந்நேரம் டெல்லிக்கு லோடு அடிச்சிருப்பேன்." நான்காவதுக்குப் போய், மனசு கேட்காமல் மறுபடி மூன்றாவதுக்கு வந்தார். "வித்தியாசம் தெரியுதா தம்பி? ஓட்டுனவனுக்குத்தான் அது தெரியும்."

"தெரியுது அண்ணாச்சி," என்றான் வைகுண்டராஜ்.

மலை வலது பக்கம் கூடவே வந்தது. காசிராஜன் கியர் போடுவதன் தத்துவத்தை விளக்கிக்கொண்டே ஓட்டினார். கியர் என்பது என்ஜினோடு பேசுகிற பேச்சு என்றார். இந்த என்ஜின் தன்னிடம் மனம்விட்டுப் பேசுகிறது என்றார். ராஜபாளையம் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. சடாரென்று மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தார். ராடு கையோடு வந்துவிட்டது.

வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கால் சொன்னபடி கியரைத் தானே குறைத்து, மாட்டு வண்டியைத் தாண்டி, தானே கூட்டிக்கொண்டது.

காசிராஜன் கையிலிருந்த ராடைப் பார்த்தார். அது இருந்த ஓட்டையைப் பார்த்தார். ஓட்டைக்குள் ஒன்றுமில்லை. பிறகு ரோட்டைப் பார்த்தார். இத்தனை தூரமும் தான் பேசிவந்ததெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பிவருவது தெரிந்தது. வைகுண்டராஜ் கண்ணை மூடிக்கொண்டான். சிவகாசி ஜீப் ஒன்று மேளதாளத்தோடு அவன் கண்ணுக்குள் போனது.

பின்சீட்டிலிருந்து செல்லக்கனி நிதானமாகச் சொன்னாள்: "அப்பா, மேடு வருது. கியரை மாத்துங்க."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. காசிராஜன் ராடை ஓட்டைக்குள் செருகினார். கிளட்சை மிதித்தார். மரியாதையாக இரண்டாவதுக்கு மாற்றினார். வண்டி மேட்டில் ஏறியது.

"நல்லா இழுக்குதுப்பா," என்றாள் செல்லக்கனி.

"ம்," என்றார் காசிராஜன்.

வைகுண்டராஜின் வீட்டில், மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கக் கேட்டை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ரோட்டிலிருந்து கேட் வரை ஏற்றம். மகள் வாசல்படி மிதிக்கக் கூடாதென்பதால் காசிராஜன் ஏற்றத்துக்குக் கீழேயே பிரேக் போட்டார். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, வழக்கம்போல் இரண்டு பக்கமும் ஆட்டிப்பார்த்து உறுதி செய்துகொண்டு, என்ஜினை அணைக்காமலே இறங்கிக் கதவைச் சாத்தினார். வைகுண்டராஜும் அவருக்குக் கை கொடுக்க அந்தப் பக்கம் இறங்கியிருந்தான். ஏற்றத்தில் மூக்கை வைத்துத் தயங்கி நின்ற வண்டிக்கு இரண்டு ஆள் பாரம் குறைந்தது.

வண்டி நகர்ந்தது.

ஓட்ட ஆளில்லாமல், செல்லக்கனியை மட்டும் சுமந்துகொண்டு, ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்து ஏறியது. திறந்திருந்த கேட்டுக்குள் நுழைந்தது. முற்றத்தில் நின்றிருந்த இசக்கியம்மாளை நோக்கி வந்தது. வேல்சாமி கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினான். இசக்கியம்மாள் மட்டும் அசையவில்லை. அவள் டிரைவர் சீட்டின் கீழ்ப்பகுதியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கால் எதுவும் இல்லை.

செல்லக்கனி பின்னாலிருந்து கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இசக்கியம்மாளின் சேலைக் கொசுவத்துக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

"எவன் காலும் படாமல்லா வந்திருக்கா!" என்றாள் இசக்கியம்மாள். "வலதும் இல்ல, இடதும் இல்ல. தன் காலையும் கீழ வைக்கல. இப்படி ஒருத்தி வீட்டுக்குள்ள வந்து நான் கேள்விப்பட்டதே இல்லயே!"

தன் கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தை அப்படியே எடுத்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, செல்லக்கனியின் தலையில் வைத்தாள். பூ வைத்தாயிற்று. நாளும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை.

காசிராஜனும் வைகுண்டராஜும் மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்தார்கள்.

"அண்ணாச்சி," என்றாள் இசக்கியம்மாள், "வண்டி எப்படி ஆளில்லாம உள்ள வந்துச்சு?"

காசிராஜன் திரும்பி, வண்டி ஏறிவந்த ஏற்றத்தைக் கீழிருந்து மேல் வரை ஒருமுறை பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பூ வைத்த மகளைப் பார்த்தார்.

"சரிவுல நிறுத்திட்டேன் போல, சம்பந்தி," என்றார்.

"அப்படித்தான் இருக்கும் மாமா," என்றான் வைகுண்டராஜ்.