யுகும்ஸ் சொன்ன பெயர்

திரீனேயின் ஒரு செருப்பு பனியில் புதைந்து கழன்றது. எடுக்க அவள் குனியவில்லை. பண்ணை மாளிகையை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தாள்.

பண்ணையடிமைகளுக்கு விடுதலை கிடைத்த கையோடு, குடும்பத்துக்கொரு பெயரை மாளிகையில் வந்து பதிய வேண்டும் என்றும் உத்தரவு வந்திருந்தது. ஊரே ஓக் மரம், பிர்ச் மரம், குருவி என்று பெயர் எடுத்துக்கொள்ள, அவள் புருஷன் யுகும்ஸ் மட்டும் 'வில்க்ஸ்' என்று கொடுக்கப் போகிறானாம். அவர்கள் மொழியில் ஓநாய். பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னதுமே, திரீனே மகள் மதாலாவை அவளிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

குளிர்காலத்தில் அந்தச் சொல்லை அங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை. 'காட்டு நாய்' என்பார்கள். பெயர் சொன்னால் கூப்பிட்டதாக அர்த்தம், வந்து நிற்கும். ஏற்கெனவே ஒருமுறை வந்தது. கோடை அறுவடையின்போது வயலோரத்து மரத்தில் கட்டியிருந்த தூளியிலிருந்து கைக்குழந்தை மதாலாவைக் கவ்விக்கொண்டு போனது. கோடரியோடு காட்டுக்குள் போன யுகும்ஸ் மறுநாள்தான் குழந்தையோடு திரும்பினான். அன்றிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் அவை கூட்டமாகக் காட்டோரம் வந்து நிற்கின்றன. ஒரு ஆட்டைக்கூடத் தொட்டதில்லை. வீட்டையே பார்க்கின்றன.

மாளிகை வாசலில் பக்கத்து வீட்டு தேனிஸ் சிரித்தான். "என்ன திரீனே, ஒத்தச் செருப்போட விருந்துக்கா?"

"அந்த மனுஷன் பேரு குடுத்துட்டானா?"

"குடுத்தாச்சு. நான் ஓக் மரம். 'உன் தைரியத்துக்கு முயல்னு வையி'ன்னா என் பொண்டாட்டி. உன் வீட்டுக்காரன் சொன்னது என் வாய்ல வராதும்மா."

யுகும்ஸ் வெளியே வந்தான். அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"உள்ள போய்யா. மாத்திட்டு வா. வேற எதையாவது சொல்லு, தவளைன்னுகூடச் சொல்லு."

"மாத்த மாட்டேன்."

"எம்பொண்ண மறுபடியும் தூக்கிட்டுப் போகணுமா? நீயே கூப்பிட்டு விடுறியே."

யுகும்ஸ் அவளை வாசலில் கட்டியிருந்த குதிரைக்கு மறுபக்கம் இழுத்துப் போனான். தேனிஸ் காதில் விழாத தூரம்.

"கூப்பிடாமலேதான தெனமும் வருது? ஏன்னு யோசிச்சியா?"

"ருசி கண்டதுங்க."

"இல்லடி. அதுங்க பேர வைக்கச் சொல்லி வருது. நான் குடுக்காம இழுத்தடிச்சேன். இன்னிக்குக் குடுத்துட்டேன். இனிமே தூக்கிட்டுப் போகாது."

"யாருக்கு அந்தப் பேரு? எம்பொண்ணுக்கா?"

அவன் தன் செருப்பைக் கழற்றி அவள் காலில் மாட்டினான். நிமிராமலே பேசினான்.

"அன்னிக்குக் கொண்டு வந்தப்போ முகமெல்லாம் கீறலும் வீக்கமுமா இருந்துச்சே. அதனால உனக்கு அடையாளம் தெரியல. நம்ம மதாலாவ நான் காட்டுலயே புதைச்சிட்டேன் திரீனே. நீ வளக்குறவ, அதுங்க பொந்துக்குள்ள குட்டிங்களோட பால் குடிச்சிக்கிட்டு இருந்தா."